வைக்கோலுக்குப் பதிலாக

அந்த வருஷம் மாம்பழப் பெட்டிகளுக்கு
வைக்கோல் கிடைக்கவில்லை.
எங்கள் கொங்கணக் கரையில்
வயல் இருந்த இடத்தில்தான்
புகைபோக்கி நின்றது,
இரண்டு வருஷமாகப் புகையாமல்.

இஸ்மாயில் முகாதம் டெம்போவிலிருந்து
மூட்டைகளைத் தள்ளினார்.
'கம்பெனிக் காகிதம், கிலோ இரண்டு ரூபாய்.
ராத்திரி பகலா மிஷினில் விட்டு
நாராக்கியிருக்கிறான்.
பழம் நசுங்காது, தொட்டுப் பார் மந்தா.'

தொட்டேன்.
சேமியா மாதிரி இருந்தது.
வெள்ளைக்குள் கடுகு கடுகாக
எழுத்தின் துணுக்குகள்.

ஏழு கடலுக்கு அப்பால்
கண்ணாடிக் கட்டடம் ஒன்றில்
கணக்கே பொய் என்று யாரோ சொல்லிவிட்டார்களாம்.
மறுநாள் பங்கு விழுந்ததாம்.
பங்கு என்றால் எனக்குத் தெரிந்தது
வலை கரையேறியதும்
மணலில் கூறு கட்டும் பாங்கடா மீன்.
அது விழாது.
அசந்தால் காக்கை கொத்தும், அவ்வளவுதான்.

ஓடினாலும் ஓடாவிட்டாலும்
சர்க்கார் பணம் கட்டவேண்டும் என்று ஒப்பந்தம்.
வாங்காத கரண்டுக்கும் விலை.
என் மாமரம் ஏமாற்றிய வருஷங்களில்
காய்க்காத காய்க்கு
எவன் கொடுத்தான் எனக்கு?

இதைத்தான் அன்று கேட்வாசலில் கேட்டேன்.
வண்டியில் ஏற்றினார்கள், பதினேழு பெண்களை.
யசோதா பாகேயின் வளையல் உடைந்து
மணிக்கட்டில் கோடாக ரத்தம்.
பள்ளிக்கூடத்தில் போலீஸ் தங்கியிருந்தது;
பிள்ளைகள் பலாமரத்தடியில்
பதிமூன்றாம் வாய்ப்பாடு கத்திக்கொண்டிருந்தார்கள்.
வண்டி திரும்பும்வரை கேட்டது.
பதிமூவேழு தொண்ணூற்றொன்று.

'அரசாங்க வேலைக்கு இடையூறு' என்று வாசித்தான் குமாஸ்தா.
கம்பெனி வேலை எப்போதிலிருந்து
அரசாங்க வேலை என்றேன்.
நீதிபதி அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தார்.
அது ஓடவில்லை.
பதினெட்டு நாள்.

எதிர்த்துப் பேசி வோட்டு வாங்கியவர்கள்
எட்டாம் மாதம்
இன்னும் கூடுதல் விலைக்குக் கையெழுத்துப் போட்டார்கள்.
கையெழுத்துக்கு வந்த வெள்ளைக்காரர், ஹார்கிஸ் என்று பெயர்,
எங்கள் பழத்தைத் தின்றுவிட்டு
'சொர்க்கம்' என்றாராம்.
கொட்டையை என்ன செய்வது என்று தெரியாமல்
கைக்குட்டையில் சுற்றி வைத்துக்கொண்டாராம்.
ஊரை அடித்து உலையில் போடுவது என்பார்கள்.
இவர்கள் உலையையே ஊரில் கொண்டுவந்து நட்டார்கள்.

பெட்டிக்கு நாலு டஜன்.
அடியில் ஒரு கை நார், நடுவில் ஒரு கை, மேலே ஒரு கை.
ஒன்பதாவது பெட்டியில்
ஒரு நார் மட்டும் நீலமாக இருந்தது.
விளக்கடியில் பிடித்தேன்.
எழுத்தில்லை. ரேகை.
யாரோ ஒருவரின் பெருவிரல்,
நீளவாக்கில் அறுந்தது.

நிலம் கொடுக்க நாங்கள் யாரும்
கைநாட்டு வைக்கவில்லை.
வைத்தவர்கள் பட்டியலை ஒருமுறை
தாசில்தார் வாசித்துக் காட்டினார்.
அதில் பாண்டுரங்க் இருந்தான்,
பட்டியலுக்கு நாலு வருஷம் முன்பு
படகோடு போனவன்.
கடலிலிருந்து கை நீட்டினான் போல.

மூட்டை மூட்டையாகத் தேடினேன்,
மீதி விரலுக்கு.
கிடைத்ததெல்லாம் 'டா', 'லர்',
அரை முத்திரை,
காப்பிக் கறை.
விடிந்துவிட்டது.
அந்த ஒரு நாரை மட்டும்
ரேஷன் கார்டுக்குள் வைத்தேன்.

பெட்டிகள் வாஷி மார்க்கெட்டுக்குப் போயின.
எட்டாம் நாள் பன்னிரண்டு திரும்பி வந்தன.
தோல் மஞ்சள், உள்ளே வெள்ளை.
'பழுக்கவே இல்லை, பல் கூசுகிறது' என்று
வியாபாரி சீட்டு அனுப்பியிருந்தான்.

வைக்கோலுக்குச் சூடு உண்டு.
இதற்கு இல்லை.
எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

காயைக் கீறி உப்பில் போட்டேன்.
காகிதத்தை அடுப்பில் தள்ளினேன்.
பட்டென்று பிடித்தது, நீலமும் பச்சையுமாக.
கரண்ட் இல்லாத ராத்திரி,
சுவரெல்லாம் ஆடியது கொஞ்ச நேரம்.
அரிசி பாதி வேகும் முன்பே
பன்னிரண்டு பெட்டியும் தீர்ந்துவிட்டது.

எழுந்து விறகுக்குப் போனேன்.